மேல்வீட்டு மாமா ஏன் வரவில்லை

தர்ஷினி, நித்திஷ், இதை நீங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து படிக்க வேண்டும். ஒருவர் படித்து இன்னொருவருக்குச் சொன்னால் பாதி விட்டுப்போகும். நான் பத்தாவது வரைக்கும் படித்தவன். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள், நடுவில் மட்டும் நிறுத்தாதீர்கள்.

மேல்வீட்டு மாமா நம் வீட்டுக்கு வருவதை ஏன் நிறுத்தினார் என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறீர்கள். போன வாரம்கூட சாப்பிடும்போது, தர்ஷினி, நீ கேட்டாய். "எனக்கு எப்படித் தெரியும்" என்று சொல்லிவிட்டு மோர் கேட்டேன். எனக்குத் தெரியும். அதைச் சொல்வதற்கு முன்னால் அவர் எப்படிப்பட்டவர் என்று எழுத வேண்டும். அவர் போகும்போது நித்திஷுக்கு ஆறு வயதுதான். முகமே மறந்திருக்கும்.

எர்ணாவூர் ஹவுசிங் போர்டில் நாம் இரண்டாவது மாடி, அவர் நமக்கு நேர் மேலே மூன்றாவது மாடி. ஒல்லியான ஆள். வேலை தண்டையார்பேட்டையில் ஒரு பழைய பேப்பர் குடோனில். வேனில் வந்து இறங்கும் காகித மலைக்கு நடுவே உட்கார்ந்து தரம் பிரிக்க வேண்டும். செய்தித்தாள் ஒரு குவியல், நோட்டுத்தாள் ஒரு குவியல், வழவழப்புத் தாள் ஒரு குவியல். புத்தகம் கையில் வந்தால் முதல் வேலை அட்டையைக் கிழிப்பது. அட்டை தனியாகப் போகும், உள்ளே இருப்பது தனியாகப் போகும். குடோன் முதலாளியை பாய் என்பார்கள். அவர் இவருக்கு மட்டும் ஒரு சலுகை கொடுத்திருந்தார். உள்ளே இருப்பதில் வேண்டியதை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். அட்டை மட்டும் குடோனிலேயே இருக்க வேண்டும்.

ஆகவே அவர் வீட்டில் இருந்த எந்தப் புத்தகத்துக்கும் அட்டை கிடையாது. பெயர் தெரியாது, எழுதியவர் யார் என்று தெரியாது. உலகம் மெச்சிய புத்தகமா, பஸ் ஸ்டாண்டில் விற்றதா என்றும் தெரியாது. எல்லாவற்றையும் ஒரே மாதிரி படித்தார். குதிரையில் துப்பாக்கியோடு போகிறவர்களின் படக்கதை, பேய்க்கதை, காதல் கதை, சர்க்கரை வியாதிக்காரர் சமையல், எப்போதோ ஓடி நின்றுபோன ரயில்களின் கால அட்டவணை, ஸ்வெட்டர் பின்னுவது எப்படி. ஸ்வெட்டர் புத்தகத்தை அவர் இரண்டு தடவை படித்தார். எர்ணாவூரில் ஸ்வெட்டர். "இன்னாண்ணே, பின்னப் போறியா?" என்று கேட்டதற்கு, "இல்ல நைனா, இந்தக் கை எடுத்து அந்தக் கையோட சேக்கற எடத்துல எழுதினவனுக்கே டவுட்டு வந்துகீது. அத்தப் பட்ச்சா சிரிப்பு தாங்கல" என்றார்.

தெலுங்கில் குழந்தைகள் படக்கதை ஒன்றும் வைத்திருந்தார். அவருக்குத் தெலுங்கு படிக்க வராது. படத்தைப் பார்த்து அவரே கதை கட்டுவார். ஒவ்வொரு தடவையும் வேறு கதை. நரி ஒருநாள் திருடன், ஒருநாள் கரண்ட் பில் எழுத வந்தவன்.

எந்தப் புத்தகத்தையும் நல்லது கெட்டது என்று அவர் சொல்லிக் கேட்டதில்லை. நான் ஒருநாள் அவர் கையில் இருந்த படக்கதையைக் காட்டி, "வயசான காலத்துல இது தேவையாண்ணே?" என்றேன். "அடுத்த பக்கம் வா வான்னுது நைனா. கூப்டற வூட்டுக்குப் போவாம இருக்க முடியுமா?" என்றார்.

நானும் படிக்கிறவன். இது உங்களுக்குத் தெரியும். பீரோ மேல் தட்டில் முப்பது புத்தகம் இருக்கிறது. தலைவர்கள் வரலாறு, பொது அறிவு, வாழ்க்கையில் முன்னேறும் வழிகள். எல்லாம் புத்தகக் கண்காட்சிக்குப் போய் வாங்கி பிளாஸ்டிக் உறை போட்டது. வேலை செய்யும் கன்டெய்னர் யார்டில் என் பெயரையே மறந்துவிட்டு "புக்கு" என்றுதான் கூப்பிடுவார்கள். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன் படிக்கிறானே என்று அங்கே எனக்கு ஒரு மரியாதை. வீட்டிலும் நான்தான் படிப்பாளி. என் பிள்ளைகள் புத்தகம் என்றால் என்னிடம்தான் வர வேண்டும் என்று நினைத்திருந்தேன். நீங்கள் மாடிப்படி ஏறி அவரிடம் போனீர்கள்.

அவர் ஒரு புத்தகத்தைத் திறக்கும்போது முகத்தில் ஒன்று வரும். பந்தியில் இலை போட்டவுடன் சிலருக்கு வருமே, அது. நான் படித்தால் பரீட்சைக்குப் படிக்கிற முகம் என்று உங்கள் அம்மா கல்யாணமான புதிதிலேயே சொல்லியிருக்கிறாள். அவர் முகத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அதற்கு வேறு வார்த்தை இல்லை.

ஒரு தடவை என்னிடம் இருந்த ஒரு பெரிய தலைவரின் வாழ்க்கை வரலாற்றை அவரிடம் கொடுத்தேன். நானூறு பக்கம். நான் முடிக்க ஆறு மாதம் ஆனது. பத்தாம் பக்கத்தில் திணறட்டும் என்றுதான் கொடுத்தேன். மூன்றாம் நாள் மாலை கொண்டுவந்து நீட்டினார்.

"முட்சிட்டியாண்ணே?"

"முட்சிட்டேன் நைனா. சோக்காத்தான் கீது. ஆனா ஒண்ணு. நானூறு பக்கத்துல அந்த மன்சன் ஒரு தபா கூட பசிக்குதுன்னு சொல்லல."

தர்ஷினி, நீ தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாய். பென்சிலைப் போட்டுவிட்டுச் சிரித்தாய்.

"அவர் எவ்ளோ பெரிய மனுஷர். சோத்தப் பத்தியா பேசினு இருப்பார்?" என்றேன்.

"அதுக்கில்ல நைனா. துன்னாத ஆளு கூட நான் எப்டி அவ்ளோ தூரம் நடக்கறது?"

அவர் போன பிறகு நான் அந்தப் புத்தகத்தை முழுக்கப் புரட்டினேன். உண்மைதான். ஒரே ஒரு இடத்தில் தேநீர் விருந்து வருகிறது. அதிலும் தலைவர் பேசினார் என்றுதான் இருக்கிறது, குடித்தார் என்று போடவில்லை. அதுவரை எனக்குப் பெருமையாக இருந்த புத்தகம் அன்றோடு கெட்டுப்போனது.

கோழிக்கதை உங்களுக்கு நினைவிருக்கும். ஆனால் அன்று என் மனதில் என்ன ஓடியது என்று உங்களுக்குத் தெரியாது. ஒரு துப்பறியும் கதையை அவர் நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக உங்களுக்குச் சொல்லிவந்தார். மாடியிலிருந்து ஒரு பணக்காரர் விழுந்து செத்துவிட்டார், தள்ளியது யார் என்று தெரியவில்லை. திடீரென்று ஒருநாள் துப்பறிகிறவர் கோழிப்பண்ணை வைத்துவிட்டார். எத்தனை குஞ்சுக்கு எத்தனை பல்பு, கழிச்சல் வந்தால் என்ன மருந்து என்று கதை போனது. "அவரு வேசம் மாத்திகினு கீறார் பாப்பா. கொலகாரன் முட்ட வாங்க வருவான், அப்போ புடிப்பார்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நீங்கள் இரண்டு பேரும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டீர்கள்.

எனக்குச் சந்தேகம் வந்தது. "அத்த இப்டி குடுண்ணே" என்று வாங்கிப் பார்த்தேன். எங்கேயோ மழையில் நனைந்து, அட்டை கிழித்த இரண்டு புத்தகங்கள் ஒன்றன் பின் ஒன்றாக ஒட்டிக் காய்ந்திருந்தன. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துக்குப் பிறகு மறுபடி ஒன்றாம் பக்கம்.

"இது ரெண்டு புக்குண்ணே. இது கோழி வளக்கற புக்கு. நம்பர் பாக்கலியா நீ?"

அவரை உங்கள் முன்னால் பிடித்துவிட்டேன் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு குதி. அவர் வாங்கிப் பார்த்தார். மூக்கு வரைக்கும் கொண்டுபோய்ப் பார்த்தார். அப்புறம் படியில் உட்கார்ந்து, முழங்காலைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "அட இன்னாபா இது. நானும் பத்து நாளா யோசன பண்ணிகினு கீறேன், துப்பறியறவனுக்கு இன்னாத்துக்கு இம்மாம் கோழிப் பாசம்னு. சரி பாப்பா, போச்சு. கொல பண்ணது யார்னு கடேசி பக்கம் இல்ல."

"பரவால்ல மாமா" என்று சொன்னது நித்திஷ். "முட்ட வாங்க யார் வந்தான்னு சொல்லு."

அவர் திருப்பிக் கொடுத்த ஒட்டுப் புத்தகத்தோடு நான் நின்றுகொண்டிருந்தேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. அவர் கதையைத் தொடர்ந்தார், இந்தத் தடவை புத்தகம் இல்லாமலே.

அதற்கடுத்தது பள்ளிக்கூட விஷயம். வாசிப்பு நாளுக்கு, வீட்டில் படிக்கும் பழக்கமுள்ள ஒரு பெரியவரை அழைத்து வர வேண்டும், அவர் பிடித்த புத்தகத்தைப் பற்றி ஐந்து நிமிடம் பேசுவார் என்று தாள் கொடுத்திருந்தார்கள். தர்ஷினி, உன் பையில் அதைப் பார்த்துவிட்டேன். நீயாகக் கேட்கட்டும் என்று இருந்தேன். யார்டில் டீ வேளையில் பேச வேண்டியதை நான்கு பக்கம் எழுதினேன். வெள்ளையில் கோடு போட்ட முழுக்கைச் சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்து வாங்கி வைத்தேன். லீவும் சொல்லிவிட்டேன்.

முதல்நாள் மாலை கதவைத் தட்டியது அவர்.

"நைனா, ஒரு ஒத்தாச. நாளிக்கு பாப்பா இஸ்கூலுக்குக் கூப்டுகீது. என்கிட்ட கீறதெல்லாம் குடோன் சட்ட. ஒன்னிது ஒண்ணு குடேன், தொவச்சிக் குட்த்துர்றேன்."

உங்கள் அம்மாவுக்கு எதுவும் தெரியாது. உள்ளே போய் இஸ்திரி போட்டு மேலாக இருந்த சட்டையை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்துவிட்டாள். "இத்தப் போடுண்ணே, எடுப்பா இருக்கும்" என்று வேறு சொன்னாள். நான் சிரித்தபடி நின்றேன் என்று நினைக்கிறேன். அவர் போன பிறகு, "இன்னாத்துக்கு மூஞ்ச இப்டி வெச்சிகினு கீற?" என்று கேட்டாள். தலைவலி என்றேன்.

மறுநாள் அவர் அங்கே கேஸ் அடுப்போடு வரும் விளக்கப் புத்தகத்தை எடுத்துப்போய்ப் படித்தாராம். குழந்தைகளை அருகில் விடாதீர்கள் என்று எழுதியிருக்கும் இடத்தை அவர் பேய்க்கதை மாதிரி படிக்க, தலைமையாசிரியை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாராம். வீட்டுக்கு வந்து நீ இதை நடித்தே காட்டினாய். சட்டையை அவர் துவைத்து இஸ்திரி போட்டுத்தான் திருப்பிக் கொடுத்தார். நான் அதற்கு மேல் அதைப் போடவில்லை.

பிறகு கொரோனா வந்தது. யார்டில் முறை வைத்துக் கூப்பிட்டார்கள், பாதி நாள் நான் வீட்டில். பள்ளிக்கூடம் இல்லை. இப்போதாவது என் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுக்கிறேன் என்று பொது அறிவுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தலைநகரங்கள், நாணயங்கள், நீளமான நதிகள். நீங்கள் இரண்டு பேரும் பதில் சொல்வீர்கள், காது மட்டும் மாடிப்படியில் இருக்கும். குடோன் திறந்த நாட்களில் அவர் ஆறு மணிக்கு வருவார். வெளியே செருமல் கேட்டால் போதும், நதி பாதியில் நின்றுவிடும்.

அந்த நாட்களில் அவர் கொண்டுவந்த எதையும் நேராக உங்களிடம் கொடுக்கவில்லை. மொட்டைமாடியில் விரித்து, மேலே செங்கல் வைத்து, மூன்று நாள் வெயிலில் போடுவார். நான்காம் நாள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு எடுத்துவருவார். துணி காயப்போடப் போகும்போது நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒருநாள் தூறல் விழுந்தபோது ஓடிவந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனார். மறுநாளிலிருந்து மறுபடி மூன்று நாள் எண்ணினார்.

இதைப் பார்த்திருந்தும்தான் அதைச் செய்தேன்.

அன்று நித்திஷ் ஏதோ ஒரு தலைநகரத்தைச் சரியாகச் சொல்ல வாயெடுத்தான். வெளியே செருமல். சொல்லாமலே எழுந்து கதவுக்கு ஓடினான். நான் அவனுக்கு முன்னால் போய், வெளியே வந்து, கதவை எனக்குப் பின்னால் சாத்தினேன். அவர் கையில் நாலைந்து படக்கதைகள். வெயிலில் காய்ந்து ஓரமெல்லாம் சுருண்டு மொறுமொறு என்று இருந்தன.

"அண்ணே, இந்தக் குப்பையெல்லாம் இனிமே வூட்டுக்குள்ள வோணாம்" என்றேன்.

"இன்னா நைனா?"

"எவன் எவன் வூட்டுச் சீக்கு இதுல கீதோ. புள்ளைங்க கீற வூடு."

அவர் கையில் இருந்ததைப் பார்த்தார். பிறகு கையைப் பார்த்தார்.

"மூணு நாளு வெயில்ல போட்டேன் நைனா."

"அத்த யார் கண்டா" என்றேன்.

கண்டவன் நான்தான். எனக்குச் சீக்குப் பயம் துளிகூட இல்லை. அந்தச் சமயத்தில் சீக்கைச் சொல்லி யாரும் யாரை வேண்டுமானாலும் வாசலில் நிறுத்தலாம். நான் அதைப் பயன்படுத்திக்கொண்டேன்.

அவர் கோபப்படவில்லை. "சரி நைனா. புள்ளைங்க வூடு. நீ சொல்றது கரீட்டு" என்று சொல்லி, சுவரோரமாக ஒதுங்கி, என் மேல் படாமல் மேலே ஏறிப் போனார். நான் உள்ளே வந்து, "மாமாவுக்கு வேலையாம்" என்றேன். ஜெயித்த மாதிரி ஒரு நிமிஷம் இருந்தது. ஒரு நிமிஷம்தான்.

தர்ஷினி, இரண்டு நாள் கழித்து நீ மேலே போய் அவரிடமே கேட்டிருக்கிறாய். இறங்கி வந்து உன் அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "பாய் இனிமே புக்கு எடுத்துனு போவக் கூடாதுன்னுட்டாராம்மா. அதான் மாமா வர்றதில்லையாம்."

நீ அதை முழுதாக நம்பவில்லை போலிருக்கிறது, இன்னும் கேட்கிறாய். பாய் அப்படி எதுவும் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் அவர் மஞ்சள் பையில் புத்தகங்களோடு படியேறியதை நான் பார்த்தேன். பையைத் துண்டால் மூடிக்கொண்டு போனார், உங்கள் கண்ணில் படக்கூடாது என்று. என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்க அவர் பொய் சொன்னார். அவர் என்னைத் திட்டியிருந்தால் நான் திருப்பித் திட்டியிருப்பேன், விஷயம் தீர்ந்திருக்கும்.

அடுத்த தைக்கு அவர் வீடு காலி செய்தார். பத்துப் பன்னிரண்டு சிமெண்ட் சாக்கு, எல்லாம் காகிதம். தட்டுமுட்டுச் சாமான் ஒரே ஒரு மூட்டை. "ஒரு கை புடி நைனா" என்றார். மூன்று சாக்கு நான் தூக்கிவந்து குட்டியானை லோடு வண்டியில் ஏற்றினேன். படியில் இறங்கும்போது மூன்று தடவையும் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். "கனம் ஜாஸ்தி கீது" என்று மட்டும் சொன்னேன். அவருக்குக் குடும்பம் உண்டா, எங்கே போகிறார் என்றுகூட நான் கேட்கவில்லை. அத்தனை வருஷமும் கேட்டதில்லை.

எங்கே போனார் என்பது இந்த வருஷம்தான் தெரிந்தது. யார்டுக்கு வந்த ஒரு டிரைவருக்கு அந்தக் குடோன் பழக்கம். புளியந்தோப்பில் அவர் தன் தங்கச்சி வீட்டுக்குப் பக்கத்து பிளாக்கில், நாலாவது மாடியில் இருக்கிறாராம். பிளாக் நம்பர், வீட்டு நம்பர் எல்லாம் எழுதி உங்கள் அம்மாவிடம் கொடுத்திருக்கிறேன். இதைப் படித்து முடித்ததும் வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் போய் அவரைப் பார்க்க வேண்டும். நான் செய்ததை அவர் எதிரிலேயே பேசுங்கள், எனக்காக மறைக்க வேண்டாம். என்னையும் கூட்டிப் போகலாமா என்பதை நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள்.

ஏனென்றால் நான் தனியாக ஒரு தடவை போனேன், அவர் எதிரில் நிற்க என்னால் முடியவில்லை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, யார்டில் வேலை என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேனே, அன்று. என்ன சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டே போனேன். மூன்றாவது மாடி தாண்டியதும் மேலேயிருந்து அவர் குரல் கேட்டது. கதவு பாதி திறந்திருந்தது. வாசலில் சின்னச் சின்னச் செருப்புகள் ஏழெட்டு ஜோடி.

பாலைவனத்தில் வழி தப்பிய ஒரு லாரி டிரைவரின் கதை. தண்ணீர் தீர்ந்துவிட்டது. ரேடியேட்டரில் இருப்பதைக் குடித்தால் அவன் பிழைப்பான், ஆனால் லாரி நகராது. லாரிக்கு விட்டால் லாரி நகரும், அவன் தாங்குவானா தெரியாது. அவர் அந்த இடத்தில் நிறுத்தினார். உள்ளே ஒரு குழந்தை, "அப்பால?" என்றது. நான் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் படித்து ஒரு கதையை நான் ஒழுங்காகக் கேட்டதே இல்லை. நம் வீட்டில் அவர் படித்த நாளெல்லாம், நீங்கள் அவரை எப்படிப் பார்க்கிறீர்கள் என்று உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே இருந்த பிள்ளைகள்மேல் பொறாமையாக இருந்தது. அந்த இடத்தில் நீங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அரை மணி நேரம் கேட்டேன். டிரைவர் கடைசியில் என்ன செய்தான் என்பதை நான் சொல்ல மாட்டேன், போய் அவர் வாயால் கேளுங்கள். கதை முடிந்து பிள்ளைகள் எழுந்து கதவுப் பக்கம் வரும் சத்தம் கேட்டது. நான் எழுந்தேன். மேலே ஏற ஆறே படிதான் இருந்தது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தம் வராமல், கீழே இறங்கினேன்.